எந்தப் பொத்தானை அமுக்கினாலும்

என் மனைவிக்குப் பேச்சு நின்றது மாசி மாதத்தில். காலையில் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போனவள் அங்கேயே சாய்ந்துவிட்டாள். நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. காது கேட்கும். நாம் சொல்வது எல்லாம் புரியும். பதில் மட்டும் வராது. வாயைத் திறப்பாள், ஒரு காற்று வரும், மூடிக்கொள்வாள்.

நான் அப்போது ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. இருபத்திரண்டு வருசம் அந்த வேலை. எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். வருசத்தில் ஒன்பது மாதம் வெளியூரில் கிடப்போம். அதனால் நானும் அவளும் பேசியதெல்லாம் போனில்தான். பேசியது அவள். நான் 'ம்' போடுவேன்.

"ஏனுங்க, இந்த ம் நீங்க போடறதா, கம்ப்ரசர் சத்தமா?" என்பாள்.

அதற்கும் ம் என்பேன்.

செய்தி வந்ததும் ஊருக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. மகள் ஜலகண்டாபுரத்தில் தறியும் கைக்குழந்தையுமாக இருக்கிறாள். அவள் வந்து இருபது நாள் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பேசுகிறவளுக்குப் பேச்சு இல்லை. பேச்சு இருக்கிறவனுக்குப் பேசிப் பழக்கம் இல்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாமக்கல் கூட்டிப்போவேன். அவர் படம் ஒட்டிய அட்டை கொடுத்தார். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படத்தைத் தொடணும். என் மனைவி ஒரு வாரம் தொட்டாள். நான் அடுப்படியில் இருந்தால் அவள் தொடுவது எனக்கு எப்படித் தெரியும்? தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு அட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

பிறகு போனில் ஒரு ஆப் போட்டோம். படத்தைத் தொட்டால் பேசும். 'எனக்குக் குடிநீர் தேவைப்படுகிறது' என்று ஒரு பெண் குரல் சொன்னது. முதல் தடவை என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை போனை என் பக்கம் நகர்த்தினாள். பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் யார் வீட்டில் அப்படித் தண்ணீர் கேட்பார்கள்?

பயிற்சி அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சொல்லு வரது பொறவுங்க. கேக்கோணும்னு அவங்களுக்குத் தோணிட்டே இருக்கோணும். அது உட்டுப்போச்சுன்னா நாம என்ன பண்ணியும் கஷ்டம். ரெண்டு தடவை வெறுத்துட்டாங்க. மூணாவது தடவை பாத்துப் பண்ணுங்க."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தது. பட்டா, வருமானச் சான்று எல்லாம் அங்கேதான் பதிவார்கள். ஆப் வேறு எதுவும் இருக்கிறதா என்று கேட்கப் போனேன்.

"எதுக்குங்கண்ணா ஆப்பு? ஒரு பக்கம் எழுதுனாப் போதும். பன்னண்டு பொத்தான். அமுக்குனா அந்தந்தச் சத்தம். ஜாவாஸ்கிரிப்ட்ல சின்ன வேலை."

"நீ எழுதித் தருவியா?"

"எனக்கு எங்கீங்க நேரம்? நீங்களே எழுதுங்க. ஆயிரம் அடி பூமியத் தொளச்சவருக்கு இது பெருசா?"

கிண்டலா நிஜமா தெரியவில்லை. சரி என்றேன்.

போனில் தமிழில் சொல்லித்தருகிற பாடங்கள் இருந்தன. அவள் மதியம் தூங்கும்போது பார்ப்பேன். ஒன்றைப் பத்துத் தடவை பார்ப்பேன். ஆங்கில எழுத்து தெரியும், உதிரிப் பாகத்தின் பெட்டியில் படித்துப் பழக்கம். எழுதியதைச் சோதிக்க வாரம் இரண்டு நாள் ஜெராக்ஸ் கடைக்குப் போவேன். ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பெண் எட்டிப் பார்க்கும்.

ஃபங்ஷன் என்ற சொல் வந்ததும் நான் நின்றுவிட்டேன். எங்களுக்கு ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, சீர், கல்யாணம். கேட்டேன்.

"ஒரு வேலைக்குப் பேர் வெக்கறதுங்கண்ணா. பேரைக் கூப்புட்டா அந்த வேலை நடக்கும். பந்தி இல்லை, மொய் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

என் முதல் தப்பு அதில்தான். சொற்களின் பட்டியலை ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதிவைத்தேன். பிறகு அதற்கு வெளியே நின்று அந்தப் பட்டியலைக் கேட்டேன். அப்படி ஒன்று கிடையாது என்று சிவப்பில் வந்தது. எழுதியிருக்கிறேனே, கண்ணால் பார்க்கிறேனே. அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சிரித்தது. "ஊட்டுக்குள்ள வச்ச சாமானத்த ரோட்டுல நின்னு கேட்டா எப்புடிங்க கெடைக்கும்? உள்ள இருக்கறவங்களுக்கு வாசலும் தெரியும், ரோடும் தெரியும். ரோட்டுல போறவங்களுக்கு உள்ள இருக்கறது தெரியாது. வேரியபிள்னு பேர் போட்டு வெக்கறதுக்கும் அதாங்க சட்டம்."

பட்டியலை வெளியே எடுத்துவைத்தேன். வேலை செய்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த நினைப்புதான் கெடுத்தது.

அடுத்தது குரல். புத்தகத் தமிழ்ப் பெண்ணின் குரல் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். மகளைப் பேசி அனுப்பச் சொன்னால் அழுவாள். ஆகவே நானே பேசினேன். பின்பக்கம் தென்னை மரத்தடிக்குப் போனை எடுத்துப்போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னேன். தண்ணி. பசி. போதும். வேண்டாம். எங்க? வா. போ. ஃபேன் போடு. சுலபமாகத்தான் வந்தது. 'வலிக்குது' என்று சொல்வதற்கு மட்டும் ஆறு தடவை ஆயிற்று. துளை போடுகிற ராடு விழுந்து விரல் நசுங்கியபோதுகூட நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. போனிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

கடைசியாக, பன்னிரண்டாவதாக, 'சாமி' என்பதைச் சேர்த்தேன்.

எங்கள் பக்கம் பெரியவரையும் சாமி என்போம், குழந்தையையும் சாமி என்போம். இவள் கொஞ்சம் கூடுதல். நான் சாமி, மகள் சாமி, ஆட்டுக்குட்டி சாமி. கரண்டுக் கம்பி கட்ட வராத ஆளையும் "ஏஞ்சாமி, எப்பத்தான் வருவீங்க" என்றுதான் திட்டுவாள். கூப்பிட அவளுக்கு அது இல்லாமல் முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஜெராக்ஸ் கடையில் குரல்களை ஏற்றி, அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். என் குரல் 'சாமி' என்றது. சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மற்ற பதினொன்றை அமுக்கிப் பார்க்கவில்லை. புதுக் குழிக்குத் தண்ணீர் வந்துவிட்டால் பழைய குழியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அந்தப் பழக்கம்.

வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தது. வெற்றிலை கட்டும் கொட்டகையில் இவளோடு பத்து வருசம் ஒன்றாக உட்கார்ந்த பெண். நல்ல பெண்தான். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னுங்க மாமா, அக்காவுக்குப் புதுப் போனா?"

"பேசும்" என்றேன். என் மனைவியின் இடது கையில் கொடுத்தேன். எல்லாம் நான் சொன்ன சொல், இதில் குடிநீர் தேவைப்படாது என்றேன். அவள் கண் கொஞ்சம் சிரித்தது. தண்ணீர்ப் பொத்தானை அமுக்கினாள்.

"சாமி" என்றது போன்.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். சாமி. பசியை அமுக்கினாள். சாமி. வேண்டாம், போதும், எங்க. சாமி, சாமி, சாமி.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அடக்க முடியவில்லை. "அய்யோ அக்கா! ஊருக்கெல்லாம் சாமி போட்டீங்கல்ல, இப்பப் போனும் பழகிக்கிச்சு! நீங்க தண்ணி கேட்டாக்கூட நாங்க கையெடுத்துக் கும்புடோணும் போல!" என்று நிஜமாகவே கையைக் கூப்பியது.

மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் என் மனைவி அதற்கு நான்கு பதில் வைத்திருப்பாள். அன்றைக்கு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. போனைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. "நான் சும்மா சொன்னேனுங்க மாமா" என்று எழுந்து போனது.

மூன்று நாள் அவள் எதையும் கேட்கவில்லை. ஊட்டினால் சாப்பிட்டாள். கொடுத்தால் குடித்தாள். கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. பயிற்சிக்கு வாயைத் திறக்கச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டாள். பயிற்சி அம்மா சொன்னது இதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

நாலாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். அந்தப் பெண் யாருக்கோ ஆதார் கார்டுக்கு லேமினேஷன் ஒட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து ஒரு வரி சொன்னது.

"அந்த var-ஐ let ஆக்குங்கண்ணா. சரியாப் போயிரும்."

வேரியபிளுக்குப் பெயர் வைக்கிற வரியில் மூன்று எழுத்தை அழித்து மூன்று எழுத்தைப் போட்டேன். பன்னிரண்டையும் அமுக்கினேன். பன்னிரண்டும் அதது சொல்லைச் சொன்னது. தண்ணி என்றால் தண்ணி. போ என்றால் போ.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ரிக்கில் ஒரு சத்தம் வந்து தானாக நின்றால் நாங்கள் சந்தோசப்பட மாட்டோம். ஏன் வந்தது என்று தெரியாதவரை அது திரும்பி வரும். என் மனைவி கையில் அது திரும்பி வந்தால் அப்புறம் நான் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரத்தில் கூட்டம் குறைந்தது.

"இன்னும் போகலீங்களா? வேலை செய்யுதுல்ல?"

"ஏன் செய்யுது?"

அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டது. நான் எழுதியதில் லூப் என்று ஒன்று இருந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, sol என்ற பெயரில் வைத்து, ஒரு பொத்தானிடம் 'உன்னை அமுக்கினால் sol-ஐப் பேசு' என்று சொல்லியிருந்தேன். அந்த வரியில் விரலை வைத்தது.

"நீங்க var போட்டிருந்தப்ப, இந்த sol எத்தனை இருந்துச்சுன்னு நெனைக்கறீங்க?"

"பன்னண்டு. பொத்தானுக்கு ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணுதாங்க இருந்துச்சு. பன்னண்டு சுத்தும் அதே ஒண்ண அழிச்சு அழிச்சு எழுதுச்சு. கடைசியா எழுதுனது எது?"

"சாமி."

"பொத்தான் அன்னிக்கே சொல்லைப் படிச்சு மடியில முடிஞ்சுக்கலீங்கண்ணா. நீங்க அமுக்கும்போதுதான் போய்ப் பாக்குது. அப்ப அங்க என்ன இருக்கும்?"

நான் யோசித்தேன். "பிராக்கெட்டுக்குள்ளதான எழுதுனேன். உள்ள வச்சது உள்ளதான இருக்கோணும்? நீதான சொன்ன?"

"ஃபங்ஷனுக்குச் சொன்னேனுங்க. var-க்கு ஃபங்ஷன் மட்டுந்தான் செவுரு. லூப்போட பிராக்கெட் அதுக்குச் செவுரே இல்ல, சும்மா கோலம் மாதிரி, தாண்டிப் போயிரும். let-க்கு எல்லா பிராக்கெட்டும் செவுரு. ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா ஒரு sol. அந்தச் சுத்துல கட்டுன பொத்தானுக்கு அந்த sol தான்."

ஆள் வந்தார். அது எழுந்து போயிற்று. எனக்குக் கர்நாடகத்தில் ஒரு தோட்டம் நினைவுக்கு வந்தது.

ஒரே தோட்டத்தில் மூன்று குழி போட்டோம். கம்ப்ரசர் வண்டியின் பக்கத்தில் கறுப்பு அடித்த தகரம் ஒன்று இருக்கும். ராடு இறங்க இறங்க அதில் சாக்பீஸால் அடி எழுதுவோம், பழையதை அழித்துவிட்டு. மூன்றாவது குழி முடிந்து ராடு ஏற்றிக்கொண்டிருந்தபோது தோட்டக்காரர் வந்து, முதல் குழி எத்தனை அடி என்று கேட்டார். நான் தகரத்தைப் பார்த்து அறுநூற்று நாற்பது என்றேன். அது மூன்றாவது குழியின் ஆழம். முதல் குழி நானூறுதான். அவர்கள் என் பேச்சை நம்பி மோட்டாரை இறக்கினார்கள். அது அடியில் சேற்றுக்குள் போய் மாட்டிக்கொண்டது. எடுக்க முடியவில்லை.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் போனில் சொன்னேன். நானாக அவளிடம் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும். அவள் திட்டவில்லை.

"ஏனுங்க சாமி, மூணு குழிக்கும் ஒரே தகரமா? அந்தந்தக் குழி மேலயே எழுதிப்போட்டா என்னுங்க?"

மறுநாள் பெயிண்ட் டப்பா வாங்கினேன். அதற்குப் பிறகு நான் போட்ட எல்லாக் குழியிலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கேசிங் பைப் மேல் அதனதன் ஆழத்தை எழுதிவிட்டுத்தான் வண்டி ஏறுவேன். எந்த மாநிலத்தில் எத்தனை பைப்பில் என் எழுத்து இருக்கிறதோ தெரியாது.

அந்தப் பெண் திரும்பி வந்தது. "என்னுங்கண்ணா, புரிஞ்சுதா?"

"var-னா தகரத்துல எழுதறது. let-னா பைப்பு மேல எழுதறது."

"என்னமோ சொல்றீங்க" என்றது. அந்த வரியை மறுபடி பார்த்தது. "ஆனா அதேதாங்க."

இனி இது திரும்பி வராது என்று எனக்குத் தெரிந்தது. வந்தாலும் எங்கே பார்க்கணும் என்று தெரியும். பஸ் ஏறினேன்.

வீட்டில் அவள் சுவர்ப் பக்கமே படுத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கண்ணைக் காட்டிவிட்டுப் போயிற்று. போனை நீட்டினேன். திரும்பவில்லை. சரிசெய்துவிட்டேன் என்றேன். திரும்பவில்லை. அவள் ஏன் திரும்பணும்? மூன்று தடவை ஏமாந்திருக்கிறாள்.

கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். நானே அமுக்க ஆரம்பித்தேன்.

தண்ணி என்றது. எழுந்துபோய்க் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஃபேன் போடு என்றது. எழுந்து போட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். உட்காரும்போது இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. பல வருசமாக அப்படித்தான், மண்ணிலும் தண்ணீரிலும் நின்ற கால்.

அடுத்ததாக 'வலிக்குது' என்பதை அமுக்கினேன். சோதித்துப் பார்க்கத்தான் அமுக்கினேன் என்று எழுத வந்தேன். அப்படியில்லை. வலித்தது.

கட்டில் அசைந்தது. அவள் திரும்பியிருந்தாள். என்னைப் பார்த்தாள். முதலில் முகத்தை, பிறகு நான் பிடித்துக்கொண்டிருந்த காலை. இடது கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

அவள் விரல் பொத்தான்களின் மேல் கொஞ்ச நேரம் சுற்றியது. ஒன்றை அமுக்கினாள்.

"எங்க?" என்றது என் குரல்.

முழங்காலைக் காட்டினேன். அவள் மறுபடி 'எங்க' என்றாள். முட்டியின் உள்பக்கம் என்று தொட்டுக் காட்டினேன். எத்தனை நாளாக என்று அவள் கேட்க அதில் பொத்தான் இல்லை. புருவத்தால் கேட்டாள். "ரொம்ப வருசமா" என்றேன். முறைத்தாள். ஒன்பது மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் 'உடம்பு எப்புடிங்க' என்று கேட்டிருக்கிறாள். நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

"வா."

கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். இடது கையால் முட்டியைப் பிடித்துவிட்டாள். அந்தக் கைக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, தடுமாறியது. காலை இன்னும் நீட்டிக்கொடுத்தேன். அவள் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான் நடந்தது. மாசியிலிருந்து அது நடக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அமுக்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினாள். 'வலிக்குது' வந்தபோது அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு 'பசி' என்றாள்.

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. "என்ன வேணும்?" என்றேன். அதற்கும் பொத்தான் இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். இட்லி, வேண்டாம். கஞ்சி, வேண்டாம். அந்த வேண்டாம் அவசரமாக வந்தது. ஐந்து மாதமாக நான் கொடுத்துவந்தது கஞ்சி.

"அரிசியும் பருப்புஞ் சோறா?"

காலைக் கீழே இறக்கினாள். பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். போன் அவள் மடியில். அரிசியும் பருப்பும் கழுவினேன். வெங்காயம் அரிந்தேன். சட்டியில் ஊற்றத் தண்ணீர் மொண்டேன்.

"தண்ணி" என்றது.

இன்னொரு சொம்பு ஊற்றினேன். மறுபடி தண்ணி. ஊற்றினேன். உப்பு டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளினேன்.

"போதும், போதும், போதும்."

பாதியை டப்பாவில் திரும்பக் கொட்டினேன்.